மருந்து பாதி, உடம்பு பாதி: புற்றுநோய்க்குப் போடும் ஆன்டிபாடி ஊசி எப்படி வேலை செய்கிறது?

மதுரைப் பக்கம் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் மருந்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒன்று கீமோ. இன்னொன்று "21 நாளைக்கு ஒரு தடவை போடுற ஊசி". பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனையானாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரியானாலும் சரி, தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்று மாவட்டங்களிலிருந்து வந்து காத்திருக்கிற குடும்பங்களின் பேச்சில் இந்தப் பிரிவு காதில் விழும். தனியாகப் போட்டால் முடி அவ்வளவாகக் கொட்டாது, விலை அதிகம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரே நோய், ஒரே ஊசி, ஆனால் ஒருவருக்குக் கட்டி கரைகிறது, அடுத்த படுக்கைக்காரருக்கு அசையவில்லையே, அது ஏன் என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைப்பதில்லை.

பதிலில் பெரும்பங்கு மருந்துக் குப்பிக்குள் இல்லை. ஊசி போட்டுக்கொள்கிறவரின் நோய் எதிர்ப்பு அமைப்புக்குள் இருக்கிறது. கீமோ மருந்து தானே போய் செல்லைக் கொல்லும் நஞ்சு. ஆன்டிபாடி ஊசிகளில் பல அப்படிக் கொல்வதில்லை. கொல்கிற வேலையை நம் உடம்பின் வெள்ளணுக்களிடம் ஒப்படைக்கின்றன. அதனால் அந்த வெள்ளணுக்கள் எப்படிப்பட்டவை, இதற்கு முன் எந்தெந்தக் கிருமிகளோடு பழகியவை, இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதியாகிவிடுகிறது. இது புரிந்தால், ஊசிக்கு முன் இத்தனை ரத்தப் பரிசோதனைகள் எதற்கு, முதல் நாள் ஏன் நடுக்கம் வருகிறது, மருந்தை ஏன் ஐஸ் பெட்டியில் கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று எல்லாமே ஒன்றோடொன்று பொருந்தி வரும்.

ஆன்டிபாடி நம் ரத்தத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புரதம். பள்ளிப் பாடத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்போம். ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம்: மேலே இரண்டு கைகள், கீழே ஒரு தண்டு. கைகளின் நுனி ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே பிடிக்கும். அம்மைக் கிருமியைப் பிடிக்கிற நுனி டைபாய்டு கிருமியைப் பிடிக்காது. தண்டு அப்படியல்ல. ஒரே வகையைச் சேர்ந்த ஆன்டிபாடிகளுக்கெல்லாம் தண்டு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தத் தண்டைப் பிடித்துக்கொள்வதற்கென்றே நம் வெள்ளணுக்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன.

சாலையை அகலப்படுத்தும்போது, இடிக்க வேண்டிய சுவர்களில் சிவப்புப் பெயின்டில் குறி போட்டுவிட்டுப் போவார்களே, ஆன்டிபாடி செய்வது அதைத்தான். குறி போட்டவர் இடிப்பதில்லை, பின்னால் வருகிற ஜேசிபிதான் இடிக்கிறது. குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் ஜேசிபி வரவில்லை என்றால் சுவர் அப்படியே நிற்கும்.

மார்பகப் புற்றில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் பேருக்கு, செல்லின் மேல் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அதைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டதுதான் ட்ராஸ்டுசுமாப். கைகள் ஹெர்-2-வைப் பிடித்து, 'வளர், வளர்' என்று உள்ளே போகும் உத்தரவைத் தடுக்கின்றன. அதே நேரத்தில் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கமாக வரும் இயற்கைக் கொல்லி செல் எனும் வெள்ளணு தன் ஏற்பியால் தண்டைப் பிடித்து, புற்றுசெல்லின் மேல் துளை போட்டு நஞ்சை இறக்குகிறது. மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் அணு வந்தால் செல்லை அப்படியே தின்றுவிடும். லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுக்குப் போடும் ரிடுக்ஸிமாப் போன்ற மருந்துகளில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: ரத்தத்தில் மிதக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் தண்டைத் தொட்டு, வரிசையாகச் சேர்ந்து, செல்லின் தோலை ஓட்டையாக்கும்.

நோய் எதிர்ப்பு என்பது ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்களின் வேலையா, விழுங்கும் அணுக்களின் வேலையா என்று நூற்றிருபது வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது. முதல் கட்சிக்கு ஜெர்மனியின் பால் எர்லிக், இரண்டாவது கட்சிக்குப் பாரிஸில் இருந்த இலியா மெச்னிகாஃப். 1908-இல் மருத்துவ நோபல் பரிசை இரண்டு பேருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்று டிரிப்பில் ஏறுகிற ட்ராஸ்டுசுமாப் அந்த இரண்டு கட்சிகளும் கைகோக்கும் இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எர்லிக்கின் பொருள் போய்ப் பிடிக்கிறது, மெச்னிகாஃபின் அணு வந்து தின்கிறது.

எலியிலிருந்து மனிதனுக்கு

1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் செசார் மில்ஸ்டீனும் ஒரு வழி கண்டார்கள். எலியின் மண்ணீரலில் இருந்து ஆன்டிபாடி சுரக்கும் செல்லை எடுத்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் ஒரு புற்றுசெல்லோடு ஒட்டிவிட்டார்கள். ஒட்டிய செல் ஒரே வகை ஆன்டிபாடியை நாம் கேட்கிற அளவுக்குச் சுரந்துகொண்டே இருந்தது. 1984-இல் நோபல் பரிசு வந்தது. எந்தப் புரதத்தைக் காட்டினாலும் அதைப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் செய்துவிடலாம் என்றால் புற்றுநோய்க் கதை முடிந்தது என்று பலரும் நம்பினார்கள்.

முடியவில்லை. தடுத்தது நம் எதிர்ப்பு அமைப்புதான். எலியின் புரதம் ரத்தத்தில் ஏறினால் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொள்கிறது. இரண்டாவது, மூன்றாவது டோஸுக்குள் அந்த ஆன்டிபாடிக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி செய்துவிடும். மருந்து சில நாளில் அடித்துச் செல்லப்படும், ஒவ்வாமையும் வரும். அதோடு, எலித் தண்டை நம் வெள்ளணுக்களின் ஏற்பிகள் சரியாகப் பிடிப்பதும் இல்லை. குறி இருக்கிறது, ஜேசிபிக்கு அந்தக் குறி தெரியவில்லை.

தீர்வு படிப்படியாக வந்தது. முதலில் எலியின் கைநுனியை மனிதத் தண்டோடு ஒட்டினார்கள். அப்படி வந்ததுதான் ரிடுக்ஸிமாப். பி-செல் என்ற வெள்ளணு வகையில் வரும் லிம்போமாவுக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி கிடைத்தது. இன்னொரு பக்கம், பிடிக்கிற விளிம்புகளை மட்டும் எலியிடம் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மனிதப் புரதமாக மாற்றும் வழியை 1986-இல் கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டர் காட்டினார். 1998-இல் அனுமதி பெற்ற ட்ராஸ்டுசுமாப் அந்த வகை. எலியே இல்லாமல், கிருமியைத் தின்னும் வைரஸ்களின் மேல் ஆன்டிபாடித் துண்டுகளை ஏற்றித் தேர்ந்தெடுக்கும் முறைக்காக 2018 வேதியியல் நோபலில் வின்டருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

தண்டு வெறும் கைப்பிடியா, உண்மையிலேயே அதற்கு வேலை உண்டா? 2000-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். தண்டைப் பிடிக்கும் ஏற்பி வேலை செய்யாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்கு ட்ராஸ்டுசுமாப், ரிடுக்ஸிமாப் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதே மருந்து, அதே கட்டி, ஆனால் பலனில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது.

மனிதர்களிடமும் தடயம் கிடைத்தது. தண்டைப் பிடிக்கும் ஏற்பிகளில் முக்கியமான ஒன்றில், 158-ஆவது இடத்தில் சிலருக்கு வேலின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்கு ஃபினைல்அலனின் இருக்கும். பெற்றோரிடமிருந்து வருவது அது. வேலின் உள்ள ஏற்பி தண்டை இறுக்கிப் பிடிக்கும், மற்றது கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கும். 2002-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ரிடுக்ஸிமாப் மட்டும் போட்டுக்கொண்ட லிம்போமா நோயாளிகளைப் பார்த்தபோது, இரண்டு பிரதியும் வேலினாக இருந்தவர்களுக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும்போது இந்த வித்தியாசம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அதனால்தான் இந்தப் பரிசோதனையை ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகச் செய்வதில்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யச் சொன்னால், முடிவு எப்படி வந்தால் மருந்தை மாற்றுவீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

தண்டில் ஒரு சர்க்கரைச் சங்கிலியும் தொங்குகிறது. அதில் ஃபியூகோஸ் என்ற ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் கொல்லி செல் தண்டை இன்னும் பலமாகப் பிடிக்கும். ஒபினுடுசுமாப் அப்படி ஃபியூகோஸ் குறைத்துச் செய்யப்பட்டது. 2013-இல் வந்தது. மெதுவாக வளரும் ஃபாலிகுலர் லிம்போமாவில் அது ரிடுக்ஸிமாப்பை விட நோயை நெடுநாள் அடக்கி வைத்தது. வேகமாக வளரும் பெரிய பி-செல் லிம்போமாவில் அப்படி எந்த மேன்மையும் தெரியவில்லை. தளர்வான ஏற்பி உள்ளவர்களுக்காகவே தண்டைத் திருத்திய மார்ஜெடுக்ஸிமாப் 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் சற்றே நீண்டது, மொத்த ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. தண்டைப் பலப்படுத்தினால் போதும் என்று நினைத்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஜேசிபியின் பக்கமும் தடைகள் உண்டு. கட்டிக்குள் கொல்லி செல்கள் நுழையவே முடியாமல் இருக்கலாம், நுழைந்தும் சோர்ந்து கிடக்கலாம்.

இந்தச் சர்க்கரைச் சங்கிலி நம் ஊர் நோயாளியைத் தொடுகிற இடம் ஒன்று உண்டு. ட்ராஸ்டுசுமாப், ரிடுக்ஸிமாப் இரண்டுக்கும் இந்திய நிறுவனங்களின் நகல் மருந்துகள் இருக்கின்றன. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 2007-இல் ரிடுக்ஸிமாப் கொண்டு வந்தது. பெங்களூருவின் பயோகான் 2014-இல் ட்ராஸ்டுசுமாப் கொண்டு வந்தது. இவை வந்ததால்தான் நடுத்தரக் குடும்பங்கள் இந்த மருந்தை நினைத்துப் பார்க்கவாவது முடிகிறது. "கம்பெனி மருந்துதான் நல்லதா, இது டூப்ளிகேட்டா?" என்ற பயம் உடனே வரும். நேர்மையான பதில் இதுதான்: உயிருள்ள செல்களில் விளைகிற எந்த ஆன்டிபாடியும் தொகுதிக்குத் தொகுதி இம்மி மாறும். மூல நிறுவனத்தின் ட்ராஸ்டுசுமாப்பிலேயே சில தொகுதிகளில் ஃபியூகோஸ் அளவு நகர்ந்து, கொல்லி செல்லைக் கூப்பிடும் திறன் குறைந்திருந்ததை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பார்க்க வேண்டியது பெயரை அல்ல. தண்டின் சர்க்கரையும் அதன் கொல்லும் திறனும் மூல மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டனவா, முறையான ஒப்புதல் இருக்கிறதா என்பதைத்தான். நகல் மருந்து என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

தண்டே தேவைப்படாத இடங்களும் உண்டு. கட்டிக்கு ரத்தக் குழாய் முளைக்கச் செய்யும் புரதத்தைப் பிடிக்கிற பெவாசிசுமாப், 2004-இல் குடல் புற்றுக்காக வந்தது. அது பிடிப்பது மிதக்கிற புரதத்தை. குறி போட அங்கே செல் எதுவும் இல்லை, பிடித்து வைத்தாலே போதும். சர்க்கரை நோயால் விழித்திரை வீங்கியவர்களுக்கு அதே மருந்தைத் துளியளவு கண்ணுக்குள் போடும் வழக்கம் உலகமெங்கும் உண்டு, அங்கேயும் அது செய்வது இதே வேலைதான். அதே புரதத்தைத் தடுக்கவென்று கண்ணுக்காகவே செய்யப்பட்ட ரானிபிசுமாப்புக்குத் தண்டே கிடையாது. கண் ஆஸ்பத்திரிகளுக்குப் பேர்போன மதுரையில், புற்றுநோய் வார்டு பக்கமே போகாத பல குடும்பங்களுக்கு முதலில் அறிமுகமாகிற ஆன்டிபாடி ஊசி இந்தக் கண் ஊசிதான்.

முதல் நாள் நடுக்கம்

ரிடுக்ஸிமாப் முதல் டோஸ் ஏறும்போது குளிர் காய்ச்சல் போல நடுங்குவது அடிக்கடி நடக்கும். "மருந்து ஒத்துக்கல" என்று கூட இருப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இது வழக்கமான அலர்ஜி இல்லை. மருந்து குறி போட்டதும் பி-செல்கள் ஏராளமாக ஒரே நேரத்தில் அழிகின்றன, அழிக்கிற செல்கள் சைட்டோகைன் என்ற செய்திப் பொருள்களைக் கொட்டுகின்றன, அதனால்தான் காய்ச்சலும் நடுக்கமும். அதாவது ஜேசிபி வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாவது டோஸில் பிடிக்க வேண்டிய செல்கள் குறைந்திருப்பதால் பெரும்பாலும் இவ்வளவு இருக்காது. முன்கூட்டியே பாராசிட்டமால், ஏவில், ஸ்டீராய்டு கொடுத்து டிரிப்பை மெதுவாகத் தொடங்குவது இதற்காகத்தான். சீக்கிரம் முடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நர்ஸிடம் வேகத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் உடனே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணம் அல்ல.

உண்மையான அலர்ஜிக்கும் ஒரு கதை உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். தலை-கழுத்துப் புற்றுக்கும் குடல் புற்றுக்கும் போடுகிற செடுக்ஸிமாப், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் முதல் டோஸிலேயே பலரை உயிராபத்து வரை கொண்டு போனது. மற்ற பகுதிகளில் அவ்வளவு இல்லை. ஒரு மருந்துக்கு ஊர் பார்த்து அலர்ஜி வருமா? 2008-இல் விடை கிடைத்தது. அந்த மருந்து எலிச் செல்லில் விளைந்ததால் அதன் மேல் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை இருந்தது. மனிதர்களிடமும் மனிதக் குரங்குகளிடமும் இல்லாத, ஆடு, மாடு, பன்றியிடம் இருக்கிற சர்க்கரை அது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் மருந்து ஏறுவதற்கு முன்பே அதற்கு எதிரான அலர்ஜி ஆன்டிபாடி இருந்தது. அதை உண்டாக்கியது அந்தப் பகுதியில் கடிக்கிற ஒரு வகை உண்ணி என்று பிறகு தெரிந்தது. அந்த உண்ணி கடித்த சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்ட சில மணி நேரம் கழித்துத் தடிப்பும் மயக்கமும் வந்தன. ஒரு மனிதன் எந்த மண்ணில் வாழ்ந்தான், எது அவனைக் கடித்தது என்பது வரை எதிர்ப்பு அமைப்பு நினைவில் வைத்திருக்கிறது. புற்றுநோய் மருந்து அந்த நினைவின் மேல்தான் போய் விழுகிறது.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. பல ஆஸ்பத்திரிகளில் மருந்தை வெளிக்கடையில் வாங்கி வரச் சொல்வார்கள். இந்த மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது, குலுக்கவும் கூடாது. காரணம் வீரியம் குறைவது மட்டும் இல்லை. சூட்டிலும் குலுக்கலிலும் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அப்படி ஒட்டிய கட்டியைப் பார்த்தால் எதிர்ப்பு அமைப்பு அதைக் கிருமியாக நினைத்து, மருந்துக்கே எதிரான ஆன்டிபாடி செய்ய வாய்ப்பு கூடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் மஞ்சப்பையில் போட்டு டூவீலரில் கொண்டு வந்த குப்பி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஜெல் பாக்கெட் வைத்த டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். ஐஸ் நேரே குப்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 21 நாள்? நம் உடம்பின் சாதாரண ஐஜிஜி வகை ஆன்டிபாடி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மற்ற பல புரதங்கள் அதற்குள் சிதைந்து போயிருக்கும். ரத்தக் குழாயின் உள்சுவர் செல்கள் ஆன்டிபாடியை உள்ளே இழுத்தாலும், அங்கே ஒரு ஏற்பி அதன் தண்டைப் பிடித்துச் சிதையாமல் காப்பாற்றி, மறுபடி ரத்தத்திலேயே கொண்டு வந்து விடுகிறது. தாயின் ஆன்டிபாடியைச் சூல்கொடி வழியாகச் சிசுவுக்குக் கடத்துவதும் அதே ஏற்பிதான். இரண்டும் ஒரே வேலையாக இருக்கலாம் என்று பிராம்பெல் என்ற விஞ்ஞானி 1964-இலேயே ஊகித்தார். மருந்துக்கும் மனிதத் தண்டு இருப்பதால் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால்தான் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதுகிறது. அதே காரணத்தால்தான் கர்ப்பிணிகளுக்கும், கருத்தரிக்க வாய்ப்பு உள்ளவர்களுக்கும் மருத்துவர்கள் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள். மருந்து குழந்தைக்கும் போகும்.

தண்டை அடக்க வேண்டிய மருந்துகள்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் புற்றுசெல்லைப் பிடிக்கும் மருந்துகள். 'இம்யூனோதெரபி' என்று இப்போது சொல்கிறார்களே, நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்றவை, இவை புற்றுசெல்லைத் தொடுவதே இல்லை. இவை பிடிப்பது நம் டி-செல் என்ற வெள்ளணுவின் மேல் இருக்கிற பிடி-1 என்ற பிரேக்கை. டி-செல்கள் அளவு மீறிப் போய் சொந்த உடம்பையே தாக்காமல் இருக்க இயற்கை வைத்த பிரேக் அது. புற்றுநோய் அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துத் தப்பிக்கிறது. மருந்து பிரேக்கை மூடிவிடுகிறது. இதன் அடிப்படையைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018 மருத்துவ நோபல் கிடைத்தது.

இங்கே தண்டின் கணக்கு தலைகீழாகிறது. ட்ராஸ்டுசுமாப்பில் கொல்லி செல்லைக் கூப்பிட வேண்டும். நிவோலுமாப்பில் கூப்பிட்டால் கெட்டது, ஏனென்றால் குறி விழுந்திருப்பது நமக்குத் தேவையான டி-செல்லின் மேல். அதனால் ஏற்பிகளை அவ்வளவாகப் பிடிக்காத ஐஜிஜி-4 என்ற தண்டு வகையை நிவோலுமாப்புக்கும் பெம்ப்ரோலிசுமாப்புக்கும் தேர்ந்தெடுத்தார்கள்.

பிரேக் எடுத்ததால் வருகிற பக்கவிளைவுகள் கீமோவினுடையவை போல இருக்காது. தைராய்டு கெடலாம், தோல் தடிக்கலாம், குடல், கல்லீரல், நுரையீரல் வீங்கலாம், அரிதாகத் திடீர் சர்க்கரை நோயோ இதய வீக்கமோ வரலாம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த மருந்தில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடம்புச் சூடு, வெளிச்சாப்பாடு என்று விட்டுவிடக் கூடாது. கடையில் மாத்திரை வாங்கி அடக்கவும் கூடாது. அது டி-செல்கள் குடலைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம், நேரத்தோடு ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். கடைசி டோஸ் முடிந்து பல வாரம், சில சமயம் மாதங்கள் கழித்தும் இது வரலாம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ பக்கத்து டாக்டரிடம் போகும்போது என்ன ஊசி போட்டோம் என்பதைச் சொல்லாவிட்டால் அவருக்கு இது தோன்ற வழியில்லை.

காசநோய் இன்னொரு கவலை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோய் வெளியே தெரியாமல் கிருமியை உள்ளே சிறை வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனையோ மடங்கு. பிரேக்கை எடுத்தால் டி-செல்கள் பலமாகி கிருமியையும் ஒழித்துவிடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது வேறு. பிடி-1 இல்லாத எலிகள் காசநோய் வந்தால் சாதாரண எலிகளை விட வேகமாகச் சாகின்றன. இந்த மருந்து போட்டவர்களுக்கு அடங்கியிருந்த காசநோய் கிளம்பிய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. குடும்பத்தில் யாருக்காவது முன்பு டிபி இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கிற பொடிகளையும் லேகியங்களையும் பற்றி என் கோபம் இதனால்தான். எதிர்ப்பு அமைப்பைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு குமிழ் அங்கே இல்லை. கொல்லி செல், விழுங்கும் அணு, டி-செல், பி-செல் என்று ஒவ்வொன்றும் தனி. ஒன்றைத் தூண்டுவது இன்னொன்றைக் கெடுக்கலாம். நோயாளியின் பயத்தைக் காசாக்கும் அந்த டப்பாக்களில் எதுவும் இந்தச் சிகிச்சையோடு சேர்த்துச் சோதிக்கப்படவில்லை என்றால், அதை உண்பதில் ஆபத்து உண்டு. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். இம்யூனோதெரபி தொடங்குகிற சமயத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் கவனித்திருக்கின்றன. குடல் கிருமிகள் டி-செல்களைப் பழக்குவது காரணமாக இருக்கலாம். காரண-காரியம் இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் சளிக்கெல்லாம் கடையில் வாங்கிப் போடுவதை நிறுத்த இது போதும். தேவையான ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் கொடுத்தால் கட்டாயம் சாப்பிட வேண்டும்.

விலையைப் பேசாமல் இந்த மருந்துகளைப் பேச முடியாது. இங்கேதான் எதிர்ப்பு அமைப்பைப் புரிந்துகொண்டது ஏழைக்கு உதவியிருக்கிறது. டி-செல்லின் மேல் இருக்கும் பிடி-1 எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. மிகக் குறைந்த மருந்திலேயே அவற்றில் பெரும்பகுதி மூடப்பட்டுவிடுகிறது, ஆன்டிபாடி நெடுநாள் தங்குவதால் மூடியது மூடியபடியே இருக்கிறது. அப்படியானால் முழு டோஸ் எதற்கு? மும்பை டாடா நினைவு மருத்துவமனை தலை-கழுத்துப் புற்று முற்றியவர்களிடம் இதைச் சோதித்தது. நிவோலுமாப்பின் வழக்கமான டோஸ் இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம், வாய்வழி மருந்துகளோடு சேர்த்து. 2023-இல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், வாய்வழி மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். இது முழு டோஸோடு ஒப்பிட்ட சோதனை அல்ல. ஆகவே குறைந்த டோஸும் முழு டோஸும் ஒன்று என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முழு டோஸ் எட்டாக்கனியாக இருக்கிறவருக்குக் கேள்வியே வேறு: இதுவா, ஒன்றுமே இல்லையா? வெற்றிலை, புகையிலை, பாக்கு என்று வாய்ப்புற்று மலிந்த நம் பக்கத்துக்கு இந்த ஆய்வைவிட முக்கியமான ஒன்று சமீபத்தில் வந்ததாக நான் நினைக்கவில்லை. மருத்துவரிடம் தயங்காமல் இதைக் கேட்கலாம்.

ஆன்டிபாடியின் முதுகில் கீமோ நஞ்சை ஏற்றி அனுப்பும் மருந்துகளும் வந்துவிட்டன. அவற்றில் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகானுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய அரசு சுங்க வரியை நீக்கியது. அதைப் போட்டுக்கொள்பவர் புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே சொல்ல வேண்டும், நுரையீரல் வீக்கம் அந்த மருந்தின் அறிந்த ஆபத்து.

ஊசிக்கு முந்திய ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ்-பி. சின்ன வயதில் வந்து போன அந்த வைரஸ் கல்லீரலில் ஒளிந்தே இருக்கும், பி-செல்களும் டி-செல்களும் சேர்ந்து அதை அமுக்கி வைத்திருக்கும். ரிடுக்ஸிமாப் பி-செல்களைத் துடைத்தெடுக்கும்போது, நல்ல பி-செல்களும் சேர்ந்துதான் போகின்றன. காவல் போனதும் வைரஸ் எழுந்து கல்லீரலை அழித்துவிடக்கூடும், உயிரிழப்பும் நடந்திருக்கிறது. அதனால் மேல்தோல் ஆன்டிஜென் (HBsAg), உள்கரு ஆன்டிபாடி (anti-HBc) என்று இரண்டு பரிசோதனைகளையும் பார்த்துவிட்டுத்தான் ரிடுக்ஸிமாப் தொடங்க வேண்டும். "மஞ்சள் காமாலையெல்லாம் எப்பவோ வந்துச்சு, அதை இப்ப எதுக்கு டெஸ்ட்" என்று செலவைக் குறைக்கப் பார்க்க வேண்டாம். பாசிட்டிவ் என்றாலும் சிகிச்சை நின்றுவிடாது. வைரஸை அடக்கும் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, ஊசி முடிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்வார்கள்.

தடுப்பூசிகளுக்கும் இதே கணக்கு. ஏற்கெனவே ஆன்டிபாடி சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்களை ரிடுக்ஸிமாப் தொடுவதில்லை, ஆகையால் பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்கும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான் பி-செல் இல்லை. ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் வரை போடுகிற நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் சரியாக ஏறாமல் போகலாம். நாள் தள்ளிப்போட முடிகிற நோயாக இருந்தால், தடுப்பூசிகளை முதலில் முடித்துவிட்டு, சில வாரம் இடைவெளி விட்டு ரிடுக்ஸிமாப்பைத் தொடங்குவார்கள்.